எடை குறைக்கும் ஊசி மூன்றாவது வாரம், பதினொரு மணிக்குக் கை நடுங்குகிறது

தோட்டத்து கிராணி (சுங்கை சிப்புட்)

வணக்கம். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

எனக்கு 43 வயது. சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்ட ஆபீசில் கிராணி (குமாஸ்தா) வேலை. உயரம் 156 செண்டிமீட்டர், போன மாதம் நிறுத்துப் பார்த்தபோது 94 கிலோ. ஏழு வருடமாகச் சர்க்கரை வேறு. முழங்கால் வலி வந்து, கோயில் படி ஏறவே மகன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதனால்தான் துணிந்து ஈப்போவில் ஒரு தனியார் டாக்டரைப் பார்த்தேன். அவர் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு செமாகுளுடைட் ஊசி எழுதிக் கொடுத்தார். வாரம் ஒரு முறை நாமே வயிற்றில் போட்டுக்கொள்கிற பேனா. முதல் நான்கு வாரம் 0.25 மில்லிகிராம், அப்புறம் 0.5. ஞாயிறு இரவு போடுகிறேன், மூன்று ஊசி ஆகிவிட்டது.

ஊசி போட்ட மறுநாளும் அதற்கடுத்த நாளும் குமட்டல். ஆபீஸ் பின்னால் சம்பால் தாளிக்கிற வாசனை வந்தால் எழுந்து வெளியே போய்விடுவேன். அது இருக்கும் என்று டாக்டர் முன்பே சொன்னார், அதைத் தாங்கிக்கொள்கிறேன். நல்லதும் தெரிகிறது. இரண்டு ரொட்டி சானாய் சாப்பிட்டவள் ஒன்றில் பாதியை வைத்துவிட்டு எழுகிறேன், மூன்று வாரத்தில் 2 கிலோ இறங்கியிருக்கிறது.

பிரச்சினை வேறு. போன செவ்வாயும் வியாழனும் காலை பதினொரு மணிவாக்கில், செக்ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவு) எழுதிக்கொண்டிருக்கும்போது, பேனாவைப் பிடித்த விரல் நடுங்க ஆரம்பித்தது. ஏர்கோன் ஓடுகிறது, எனக்கோ கழுத்துப் பின்னால் வியர்வை ஊற்றுகிறது. எழுத்து இரண்டு இரண்டாகத் தெரிந்தது. பசி என்று சொல்ல முடியாது, ஒரு மாதிரி உள்ளே காலியாக இருந்தது. பக்கத்து மேசைப் பிள்ளை ஒரு தே தாரிக் வாங்கி வந்து கொடுத்தாள், குடித்துக் கால் மணி நேரத்தில் சரியாகிவிட்டது. இது ஊசியின் பக்கவிளைவா, உடம்பு பழகினால் போய்விடுமா? இதுதான் முதல் கேள்வி.

நான் எடுக்கும் மாத்திரைகள்: மெட்ஃபார்மின், அப்புறம் எங்கள் ஊர் அரசாங்க கிளினிக்கில் கொடுக்கும் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை, கிளிக்ளசைட் 80 மில்லிகிராம், காலையில் ஒன்று இரவில் ஒன்று. ஈப்போ டாக்டர் சர்க்கரைக்கு என்ன எடுக்கிறீர்கள் என்று கேட்டபோது மெட்ஃபார்மின் என்று மட்டும் சொன்னேன். அந்த இன்னொன்றின் பெயர் அப்போது வாயில் வரவில்லை. வீட்டுக்கு வந்து பாக்கெட்டைப் பார்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

இன்னும் இருக்கிறது. என் அண்ணி (38 வயது, இரண்டாவது குழந்தை தங்க வேண்டும் என்றால் எடையைக் குறை என்று யாரோ சொன்னார்களாம்) பாதிக் காசு தருகிறேன், ஊசி முனையை மாற்றிக்கொண்டு இரண்டு பேரும் ஒரே பேனாவைப் போட்டுக்கொள்ளலாம் என்கிறார். மாதச் சம்பளத்தில் பெரிய துண்டு இதற்குப் போகிறது, அதனால் எனக்கும் கொஞ்சம் ஆசைதான். அது முடியாது என்றால் வாட்சாப்பில் ஒருவர் விற்கிறாராம், பெட்டி இல்லாமல், சிரிஞ்சில் நிரப்பி, விலை பாதிக்கும் கீழே.

தைப்பூசத்துக்கு விரதம் இருப்பதாக வேண்டுதலும் உண்டு, பகல் முழுக்க ஒன்றும் சாப்பிடாமல் இரவு ஒரு வேளை. இந்த ஊசியோடு இருக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பழைய எச்.ஏ.

தங்கச்சி, மற்றதெல்லாம் அப்புறம். வீட்டில் சர்க்கரை பார்க்கும் மிஷின் இருக்கிறதா? இல்லையென்றால் நாளைக்கே யாரிடமாவது வாங்கி ஆபீஸ் கைப்பையில் வையுங்கள். அடுத்த முறை நடுங்கும்போது விரலைக் குத்திப் பாருங்கள். நம் மிஷின் காட்டும் மில்லிமோல் கணக்கில் 3.9க்குக் கீழே இருந்தால் அது ஊசிக்கு உடம்பு பழகுகிற விஷயம் இல்லை, சர்க்கரை இறங்குகிறது. பழகட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

நான் டாக்டர் இல்லை. தோட்ட மருந்தகத்தில் எச்.ஏ.வாக, அதாவது ஹாஸ்பிட்டல் அசிஸ்டெண்டாக, 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் கண் நின்றது அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையில்தான். கிளிக்ளசைட் கணையத்தை முடுக்கி இன்சுலினை வெளியே தள்ளுகிற மாத்திரை, நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்க்காது. செமாகுளுடைட் அப்படி இல்லை, இரத்தத்தில் சர்க்கரை ஏறும்போதுதான் இன்சுலினைத் தூண்டும், அதனால் அது தனியாகவோ மெட்ஃபார்மினோடு மட்டுமோ இருந்தால் சர்க்கரை அபாயமாக இறங்குவது குறைவு. இரண்டும் சேர்ந்தால் கதை வேறு. முன்பு இரண்டு ரொட்டி சானாய்க்கு அளவு பார்த்துக் கொடுத்த மாத்திரை, இப்போது அரை ரொட்டி சாப்பிடுகிற உடம்பில் அதே வேகத்தில் வேலை செய்கிறது. காலையில் மாத்திரை, அரைகுறைப் பசியாறல், பதினொரு மணிக்கு நடுக்கம். கணக்கு சரியாகப் பொருந்துகிறது. இந்த ஊசியோடு கிளிக்ளசைட் மாதிரி மாத்திரையோ இன்சுலினோ இருந்தால் அவற்றின் அளவைக் குறைக்க வேண்டிவரும் என்று மருந்தோடு வரும் தாளிலேயே போட்டிருக்கிறார்கள்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். புல் வெட்டுக் கும்பலில் ஒருவர், விடியற்காலை ஐந்து மணிக்கு இந்த மாத்திரையைப் போட்டுவிட்டு பால் இல்லாத வெறும் கோப்பி ஓவோடு வேலைக்குப் போனவர். பத்து மணிக்கு மண்டோர் (மேற்பார்வையாளர்) என்னைக் கூப்பிட வந்தார். போய்ப் பார்த்தால் செம்பனை மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார், சட்டை பிழிகிற மாதிரி நனைந்திருக்கிறது, பெயர் கேட்டால் சிரிக்கிறார், பதில் வரவில்லை. கூட இருந்தவர்கள் குடித்திருக்கிறார் என்றார்கள். விரலைக் குத்தினால் 2.3. விழுங்குகிறாரா என்று பார்த்துச் சீனித் தண்ணீர் கொடுத்து, காலை நேரத்தில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டதற்கு அவரே பதில் சொல்கிற வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நடுக்கம் வந்தால் செய்ய வேண்டியது: மூன்று டீஸ்பூன் சீனியை அரை கிளாஸ் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள், அல்லது ஒரு மேசைக்கரண்டி தேன். 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. ஏறியதும் நாலு பிஸ்கட்டோ ஒரு ரொட்டித் துண்டோ சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி இறங்கும். தே தாரிக் கைகொடுத்தது நல்லதுதான், ஆனால் பால் கொழுப்பு கலந்தது கொஞ்சம் மெதுவாக ஏறும், வெறும் சீனி வேகமானது. அந்த நேரத்தில் காடியோ மோட்டோரோ ஓட்ட வேண்டாம். மயங்கிவிட்டால் யாரும் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 999க்குப் போன் செய்ய வேண்டும். இதைப் பக்கத்து மேசைப் பிள்ளைக்கும் சொல்லி வையுங்கள்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், நாளைக் காலை ஈப்போ கிளினிக்குக்குப் போன் போட்டு, கிளிக்ளசைட் 80 இரண்டு வேளை எடுக்கிறேன், அன்றைக்குச் சொல்ல விட்டுவிட்டேன் என்று இப்படியே சொல்லுங்கள். திட்டினால் திட்டட்டும். அடுத்த முறை போகும்போது அரசாங்க கிளினிக்கில் சர்க்கரைக் கணக்கு எழுதும் பச்சைப் புத்தகத்தையும் எல்லா மாத்திரைப் பாக்கெட்டையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய் அவர் மேசையில் கொட்டுங்கள். அதே மாதிரி இங்கே ஊர் கிளினிக்கிலும் ஊசி போடுவதைச் சொல்லிப் பச்சைப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். இரண்டு டாக்டர், இரண்டு சீட்டு, நடுவில் நீங்கள் ஒருவர்தான் இரண்டையும் அறிந்தவர்.

கண் படம் கடைசியாக எப்போது எடுத்தார்கள்? சர்க்கரையால் கண் நரம்பில் முன்பே பாதிப்பு இருந்து, சர்க்கரை திடீரென்று வேகமாக இறங்கினால், கண் இன்னும் மோசமாகலாம். ஒரு வருடம் தாண்டியிருந்தால் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

விரதம் பற்றி நேராகச் சொல்கிறேன். இன்றைய நிலையில், கிளிக்ளசைட் இதே அளவில் இருக்கும்போது, பகல் முழுக்கப் பட்டினி கூடவே கூடாது. மாத்திரை மாற்றிய பிறகு டாக்டரிடமே தேதியைச் சொல்லிக் கேளுங்கள். மரக்கறி மட்டும் சாப்பிட்டு மூன்று வேளையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதும் விரதம்தான், ஈப்போ குனோங் சீரோ முருகன் கோயிலுக்கு அப்படி விரதம் இருந்து வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தண்ணீரைக் கட்டுப்படுத்தும் விரதம் வேண்டவே வேண்டாம். இந்த ஊசி போடும்போது வாந்தி, வயிற்றுப்போக்கு என்று நீர் வற்றினால் சிறுநீரகத்துக்குத்தான் அடி.


மருந்துக்கடைப் பெண் (ஈப்போ)

அண்ணே சொன்னதெல்லாம் சரி. நான் ஒரு பார்மசியில் பார்மசிஸ்டாக இருக்கிறேன், மீதிக் கேள்விகளுக்கு எழுதுகிறேன்.

அக்கா, பேனாவைப் பகிரவே கூடாது, முனையை மாற்றினாலும் கூடாது. ஊசி உள்ளே இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தம் பின்னால் ஏறி மருந்துக் குழாய்க்குள் போய்விடலாம். ஹெப்படைடிஸ் பி, சி, எச்ஐவி எல்லாம் அப்படிப் பரவும் வழிதான். கணவன் மனைவியே ஆனாலும் ஒரு ஆளுக்கு ஒரு பேனா.

அதைவிட எனக்குக் கவலை உங்கள் அண்ணியைப் பற்றி. குழந்தைக்கு முயற்சி செய்கிறவர் இந்த ஊசியைத் தொடக் கூடாது! செமாகுளுடைட் உடம்பிலிருந்து வெளியேற வாரக்கணக்கில் ஆகும், அதனால் கருத்தரிக்க நினைப்பதற்குக் குறைந்தது 2 மாதம் முன்பே நிறுத்தச் சொல்கிறோம். எடை இறங்கும்போது சிலருக்குக் கரு முன்பைவிட எளிதாகத் தங்கும், தங்கியது தெரியாமல் வாராவாரம் ஊசி போய்க்கொண்டிருக்கும். அவருக்கு எடை குறைப்பது நல்லதாகவே இருக்கலாம், அதற்கு அவரை ஒரு டாக்டர் பார்க்க வேண்டும், அவர் குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்ததா, கணைய அழற்சி வந்திருக்கிறதா, பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். உங்களுக்கு எழுதின சீட்டு உங்களைக் கேட்டு எழுதினது.

வாட்சாப் சிரிஞ்சு. தயவுசெய்து வாங்காதீர்கள். இது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து, 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் வருவது. பதிவு செய்த மருந்தின் பெட்டியில் எம்ஏஎல் என்று ஆரம்பித்து எட்டு இலக்கமும் கடைசியில் எழுத்துகளும் இருக்கும், சீட்டு மருந்து என்றால் அந்த எழுத்துகளில் முதலாவது ஏ. அந்த எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவின் இணையப் பக்கத்தில் போட்டுத் தேடினால் மருந்தின் பெயர் வர வேண்டும். பெட்டியில் ஃபார்மாடேக் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் ஒட்டியிருக்கும். பெட்டியே இல்லாமல் சிரிஞ்சில் வருவதில் எதைப் பார்த்துச் சோதிப்பீர்கள்? உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை மில்லிகிராம், யார் எந்த மேசையில் நிரப்பினார்கள், ஒன்றும் தெரியாது. 2023இல் ஆஸ்திரியாவில் போலி ஊசி போட்டவர்கள் சர்க்கரை இறங்கி மருத்துவமனையில் சேர்ந்தார்கள், உள்ளே இன்சுலின் இருந்திருக்கலாம் என்று அந்நாட்டு அதிகாரிகள் சந்தேகப்பட்டார்கள். அதே வருடம் பிரேசில், பிரிட்டன், அமெரிக்கா மூன்று நாட்டிலும் போலி ஓசெம்பிக் (செமாகுளுடைட் ஊசியின் கம்பெனிப் பெயர்) பிடிபட்டு, 2024 ஜூனில் உலகச் சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விட்டது. கிளிக்ளசைட் எடுக்கிற உங்கள் உடம்பில் தெரியாமல் இன்சுலின் போனால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் தோட்டத்தில் இருப்பவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது, வைக்கிற இடம். திறக்காத பேனா 2 முதல் 8 டிகிரிக்குள் ஃபிரிஜ்ஜில் இருக்க வேண்டும், ஆனால் உறையக் கூடாது. பழைய ஒற்றைக் கதவு ஃபிரிஜ்ஜில் மேலே ஐஸ் பெட்டிக்கு நேர் கீழேயும், பின் சுவரை ஒட்டியும் வைத்தால் உறைந்துபோகும். ஒருவர் அப்படி உறைந்த பேனாவைக் கொண்டு வந்தார், இளகின பிறகு பார்வைக்கு மருந்து தெளிவாகத்தான் இருந்தது, போடலாமா என்று கேட்டார். போடக் கூடாது, தூக்கித்தான் போட வேண்டும். நடுத் தட்டில் ஒரு டப்பாவுக்குள் வையுங்கள். போட ஆரம்பித்த பேனா 30 டிகிரிக்குக் கீழே வெளியில் இருக்கலாம், செமாகுளுடைட் பேனாவுக்குப் பொதுவாக 6 வாரம், உங்கள் பெட்டியில் உள்ள தாளைப் பார்த்துத் திறந்த தேதியைப் பேனாவிலேயே எழுதிவிடுங்கள். நம் ஊர் மத்தியானம் 33 டிகிரி, தகரக் கூரை வீட்டுக்குள் இன்னும் அதிகம், நிறுத்தி வைத்த காடிக்குள் சொல்லவே வேண்டாம், அதனால் ஆரம்பித்த பேனாவும் ஃபிரிஜ்ஜிலேயே இருக்கட்டும். ஈப்போவிலிருந்து எடுத்து வரும்போது குளிர்ப்பையில், ஐஸ் கட்டிக்கும் பேனாவுக்கும் நடுவில் ஒரு துண்டைச் சுற்றி வையுங்கள்.

ஒவ்வொரு ஊசிக்கும் புது முனை, போட்ட உடனே முனையைக் கழற்றிவிடுங்கள். ஒரு ஞாயிறு மறந்துவிட்டால் 5 நாளுக்குள் ஞாபகம் வந்தால் போடலாம், அதற்கு மேல் போனால் அதை விட்டுவிட்டு அடுத்த ஞாயிறுதான். விட்டதற்குச் சேர்த்து இரண்டு அளவு போடக் கூடாது. குமட்டல் குறையாமல் இருக்கும்போது 0.5க்கு ஏறியே ஆக வேண்டும் என்று இல்லை, இன்னும் சில வாரம் 0.25லேயே இருக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

மேல் வயிற்றில் விடாத கடும் வலி வந்து முதுகுப் பக்கம் போனால், கூட வாந்தியும் இருந்தால், அடுத்த ஊசியைப் போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அது கணையமாக இருக்கலாம். ஏதாவது அறுவைச் சிகிச்சை, மயக்க ஊசி என்று வந்தால் இந்த ஊசி போடுவதை முன்கூட்டியே சொல்ல வேண்டும், வயிறு மெதுவாகக் காலியாவதால் பட்டினி கிடந்தாலும் உள்ளே சாப்பாடு இருக்கும்.


டேங்கர் லோரி

நான் ஊசி போட்டவன் இல்லை, மாத்திரை எடுத்தவன். எண்ணெய் ஆலையிலிருந்து டேங்கர் ஓட்டுகிறேன், 118 கிலோ இருந்தேன். டாக்டர் ஃபென்டெர்மின் (டூரோமின் என்று வரும்) 15 மில்லிகிராம் எழுதிக் கொடுத்து, காலையில் மட்டும் எடு, மாதாமாதம் வந்து பிரஷர் காட்டு, இது சில வாரத்துக்கான மருந்து, வருடக்கணக்கில் சாப்பிடுகிறது இல்லை என்று சொன்னார். முதல் மாதம் 5 கிலோ இறங்கியது, வாய் வறண்டு போகும், மற்றபடி சந்தோஷம்தான்.

இரண்டாவது மாதம் சளி பிடித்தது. மூக்கடைப்புக்கு வீட்டில் கிடந்த மாத்திரையைச் சேர்த்துப் போட்டேன், அதில் பிரஷரை ஏற்றக்கூடிய சூடோஎஃபெட்ரின் இருந்தது எனக்குத் தெரியாது. அன்றைக்கு இரவு லோரியை ஓரம் கட்டிவிட்டு நெஞ்சு படபடக்க உட்கார்ந்திருந்தேன், கோப்பி வேறு மூன்று கப் குடித்திருந்தேன். கிளினிக்கில் பார்த்தால் பிரஷர் 168க்கு 102. டாக்டர் அன்றோடு நிறுத்திவிட்டார். மூக்கடைப்பு மாத்திரை, இருமல் மருந்து, ஜமு என்கிற மூலிகை மருந்து, எதுவாக இருந்தாலும் எடை மருந்து எடுக்கும்போது கேட்காமல் சேர்க்க வேண்டாம். பிரஷர், இருதயக் கோளாறு, தைராய்டு அதிகம் உள்ளவர்கள், கண்ணில் குளுகோமா உள்ளவர்கள் அந்த மாத்திரையை எடுக்கவே கூடாது என்று அப்புறம்தான் முழுசாகப் படித்தேன். இதுவும் கண்ட இடத்தில் விற்கக் கூடாத கட்டுப்பாட்டு மருந்து.


பாடாங் செராய் அம்மா

லோரித் தம்பி எழுதியதைப் படித்ததும் என் கதையைச் சொல்லலாம் என்று தோன்றியது. நான் டாக்டரிடமே போகவில்லை. பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒரு பெண் மூலிகைக் கோப்பி என்று விற்றாள், பத்து பாக்கெட். நான்காவது நாளே தூக்கம் போய்விட்டது, படுத்தால் இருதயம் காதில் அடிக்கிற மாதிரி இருக்கும். மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், பாக்கெட்டைப் பார்த்த டாக்டர் இந்த மாதிரிப் பொருளில் சிபுட்ராமின் கலந்திருப்பார்கள் என்றார். மாரடைப்பும் பக்கவாதமும் வரக் கூடும் என்று 2010லேயே பல நாட்டில் சந்தையிலிருந்து எடுத்துவிட்ட மருந்தாம் அது. பாக்கெட்டில் எம்ஏஎல் எண் எதுவும் இல்லை. அப்போது அதைப் பார்க்க வேண்டும் என்றே எனக்குத் தெரியாது. மலிவு என்று உங்கள் அண்ணி இந்த மாதிரி எதையாவது வாங்கிவிடப் போகிறார், பிடித்து நிறுத்துங்கள் மகளே.


பாகான் செராய் டீச்சர்

நான் இதே ஊசியை டாக்டர் மேற்பார்வையில் ஒரு வருடம் மூன்று மாதம் போட்டவள், 88லிருந்து 76க்கு வந்தேன். அதனால் சாப்பாட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன் அக்கா.

பசி இல்லை என்று நாள் முழுக்க ஒரு பிஸ்கட்டோடு ஓட்டிவிடாதீர்கள். நான் முதல் மூன்று மாதம் அப்படித்தான் இருந்தேன், எடை இறங்க இறங்கச் சந்தோஷமாக இருந்தது, அப்புறம் அரிசி மூட்டையைத் தூக்கப் போனால் கையில் பலம் இல்லை, முடி கொட்டியது. கொழுப்போடு சேர்ந்து சதையும் கரைகிறது. டாக்டர் சொன்ன பிறகு ஒவ்வொரு வேளையும் தட்டில் முதலில் புரதத்தைச் சாப்பிடப் பழகினேன், முட்டை, கெம்போங் மீன், தெம்பே, பருப்பு, அப்புறம் கீரை காய், கடைசியில் இடமிருந்தால் சோறு. வாரம் மூன்று நாள் தண்ணீர் நிரப்பின ஒன்றரை லிட்டர் போத்தல் இரண்டை வைத்துக் கைப்பயிற்சி, நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்து எழுவது. குமட்டலுக்கு எனக்கு உதவியது எண்ணெய்ப் பலகாரத்தையும் தேங்காய்ப் பால் குழம்பையும் ஊசி போட்ட முதல் மூன்று நாள் தள்ளி வைத்ததுதான். வயிறு நிறைந்துவிட்டது என்று தோன்றிய அந்த நிமிடமே நிறுத்த வேண்டும், தட்டில் மிச்சம் வைக்கக் கூடாது என்று வளர்ந்தவர்களுக்கு அது கஷ்டம், அதனால் சின்னத் தட்டில் போடுங்கள். மலச்சிக்கலுக்குத் தண்ணீரும் பப்பாளியும்.

நிறுத்திய பிறகு என்ன ஆகும் என்றும் இப்போதே டாக்டரிடம் பேசி வையுங்கள். பெரிய ஆய்வில், 2.4 மில்லிகிராம் வரை ஏற்றி 68 வாரம் போட்டவர்கள் சராசரியாக உடல் எடையில் 15 சதவீதம் போல் குறைந்தார்கள், அவர்கள் சர்க்கரை இல்லாதவர்கள், சர்க்கரை உள்ளவர்களுக்கு அதைவிடக் குறைவாகத்தான் இறங்குகிறது. அந்த ஆய்விலேயே ஊசியை நிறுத்திய ஒரு வருடத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. நான் காசு முடியாமல் நிறுத்தினேன், ஆறு மாதத்தில் 4 கிலோ ஏறிவிட்டது. அதற்காக வருத்தப்படவில்லை, ஆனால் முன்பே தெரிந்திருந்தால் எத்தனை மாதத்துக்குக் காசு கட்டும் என்று கணக்குப் போட்டு ஆரம்பித்திருப்பேன்.


தோட்டத்து கிராணி (சுங்கை சிப்புட்)

எல்லாருக்கும் நன்றி. எழுதும்போதே கண் கலங்குகிறது.

எச்.ஏ. அண்ணே எழுதியதை இரவு படித்தேன், அம்மாவின் சர்க்கரை மிஷினை எடுத்துக் கைப்பையில் போட்டேன். மறுநாள் 10.50க்கு நடுக்கம் ஆரம்பித்தது. குத்திப் பார்த்தேன், 3.3. சீனித் தண்ணீர் குடித்துக் கால் மணி நேரத்தில் 4.6, அப்புறம் நான்கு பிஸ்கட். அங்கேயே உட்கார்ந்து ஈப்போவுக்குப் போன் செய்தேன். டாக்டர் திட்டவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், பிறகு அன்றே வரச் சொன்னார். பையைக் கொண்டுபோய் மேசையில் கொட்டினேன், அதில் நான் எப்போதோ நிறுத்திய மாத்திரைகளும் இருந்தன, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். இரவு கிளிக்ளசைட்டை நிறுத்தி, காலையில் பாதி மட்டும் எடுக்கச் சொல்லி, ஒரு வாரம் நாலு வேளை சர்க்கரை பார்த்து எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறார். ஊசியை 0.25லேயே இன்னும் நான்கு வாரம் வைத்துக்கொள்ளலாம் என்றார். இது எனக்குச் சொன்ன அளவு, தயவுசெய்து யாரும் இதைப் பார்த்துத் தங்கள் மாத்திரையைப் பாதியாக உடைக்க வேண்டாம்.

ஊர் கிளினிக்கிலும் சொல்லிவிட்டேன், பச்சைப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள், கண் படத்துக்கு அடுத்த மாதம் தேதி. இன்றோடு ஐந்து நாள் நடுக்கம் இல்லை. விரதம் இந்த வருடம் மூன்று வேளை மரக்கறியோடு, டாக்டரும் அதற்குச் சரி என்றார்.

அண்ணியிடம் பார்மசிஸ்ட் தங்கச்சி எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். குழந்தைக்கு இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும் என்ற இடம் வந்ததும் போனை என் கையிலிருந்து வாங்கி அவரே திரும்பத் திரும்பப் படித்தார். வாட்சாப்காரருக்கு முன்பணம் கட்டியிருந்தாராம், எனக்கே அப்போதுதான் தெரியும். பணம் போனால் போகட்டும் என்று சொல்லிவிட்டார். அடுத்த வாரம் இரண்டு பேரும் சேர்ந்து பெண்கள் டாக்டரைப் பார்க்கப் போகிறோம்.

ஒரு சின்னக் கேள்வி மிச்சம் இருக்கிறது. கழற்றிய ஊசி முனைகளை மைலோ டின்னில் போட்டு மூடி வைத்திருக்கிறேன், நிறைந்தால் என்ன செய்வது? எங்கள் லயத்தில் குப்பையைப் பிள்ளைகள் கிளறுவார்கள்.


மருந்துக்கடைப் பெண் (ஈப்போ)

டின் சரிதான் அக்கா, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி மேலே ஊசி என்று பெரிதாக எழுதிவிடுங்கள், முக்கால் பாகம் நிறைந்ததும் மாற்றுங்கள். குப்பையில் போட வேண்டாம். அடுத்த முறை மாத்திரை வாங்க ஊர் கிளினிக் போகும்போது கையோடு கொண்டுபோய்க் கேளுங்கள். அந்த நிறுத்திய மாத்திரைகளையும் அதே பையில் போட்டுக்கொள்ளுங்கள், மிச்ச மருந்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அரசாங்க மருந்தகங்களில் உண்டு. அந்த ஒரு வாரச் சர்க்கரைக் கணக்கை அனுப்பிவிட்டு டாக்டர் என்ன சொன்னார் என்று இங்கே எழுதுங்கள், பார்த்துக்கொண்டிருப்பேன்.